லினக்ஸில் பொதுப் பார்ட்டிஷன்: எல்லாப் பயனர்களும் எழுதும்படி அமைப்பது எப்படி

வீட்டில் ஒரே கணினி, ஆளுக்கொரு கணக்கு. படங்களும் பாடல்களும் பொது ஆவணங்களும் ஓரிடத்தில் இருக்கட்டும் என்று வட்டில் ஒரு பார்ட்டிஷனைத் தனியாக ஒதுக்கியாயிற்று. ரூட் என்ற நிர்வாகிக் கணக்கில் எல்லாம் நடக்கிறது. சாதாரணக் கணக்கில் ஒரு ஃபோல்டர் உருவாக்கப் போனால் 'பர்மிஷன் டினைட்' என்று வந்து நிற்கிறது. லினக்ஸுக்குப் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள்.

தடுக்கி விழக் காரணம், இரண்டு வேறு அனுமதிகளை ஒன்றாக நினைப்பது. பார்ட்டிஷனை மவுண்ட் செய்ய, அதாவது ஒரு ஃபோல்டரில் இணைத்துத் திறக்க, யாருக்கு உரிமை என்பது ஒரு கேள்வி. மவுண்ட் ஆன பிறகு உள்ளே யார் எழுதலாம் என்பது வேறு கேள்வி. வாசற்கதவுக்கு ஒரு சாவி, பீரோவுக்கு இன்னொரு சாவி என்பதுபோல. எதை எங்கே மவுண்ட் செய்வது என்ற பட்டியல் உள்ள எஃப்எஸ்டேப் கோப்பில் (/இடிசி/எஃப்எஸ்டேப்) 'யூசர்' அல்லது 'யூசர்ஸ்' என்று சேர்த்துவிட்டால் எல்லாரும் எழுதலாம் என்று பலர் நம்புகிறார்கள். அது முதல் சாவி மட்டுமே. 'யூசர்' என்றால் சாதாரணப் பயனரும் மவுண்ட் செய்யலாம், மவுண்ட் செய்தவரோ ரூட்டோதான் கழற்ற முடியும். 'யூசர்ஸ்' என்றால் யார் மவுண்ட் செய்திருந்தாலும் யாரும் கழற்றலாம். எழுதும் உரிமை இரண்டிலும் இல்லை. போதாததற்கு, இவை 'நோஎக்ஸெக்', 'நோசூயிட்', 'நோடெவ்' ஆகிய மூன்று கட்டுப்பாடுகளையும் கூடவே கொண்டுவரும். அந்தப் பார்ட்டிஷனில் வைத்த ஸ்கிரிப்ட் ஓட மறுப்பது அதனால்தான். ஓட வேண்டுமானால் 'யூசர்' என்ற சொல்லுக்குப் பின்னால் 'எக்ஸெக்' என்று எழுத வேண்டும். முன்னால் எழுதினால் பலிக்காது.

கணினி தொடங்கும்போதே மவுண்ட் ஆகிவிடும் பொதுப் பார்ட்டிஷனுக்கு முதல் சாவி தேவையே இல்லை. கவனம் முழுவதும் இரண்டாவதில் இருக்கட்டும்.

இனி வரும் கட்டளைகள் ஒலிப்படி தமிழில் தரப்பட்டுள்ளன. டெர்மினலில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடிக்க வேண்டும்; பெரிய எழுத்து வேண்டிய இடங்களைத் தனியே குறிப்பிட்டிருக்கிறோம்.

முதலில் பார்க்க வேண்டியது: எந்த ஃபைல் சிஸ்டம் (கோப்புகளை வட்டில் பதிந்துவைக்கும் முறை)?

எல்எஸ்பிஎல்கே -எஃப்

இது ஒவ்வொரு பார்ட்டிஷனின் ஃபைல் சிஸ்டம் வகை, லேபிள், யூயூஐடி எண் (பார்ட்டிஷனின் தனி அடையாளம்), மவுண்ட் ஆகியிருக்கும் இடம் ஆகியவற்றைக் காட்டும். வகையைப் பாருங்கள். அடுத்துச் செய்ய வேண்டியதெல்லாம் அதைப் பொறுத்தே மாறும்.

எக்ஸ்ட்4, எக்ஸ்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் ஆகியவை லினக்ஸின் சொந்த ஃபைல் சிஸ்டங்கள். ஒவ்வொரு கோப்புக்கும் உரிமையாளர் யார், குழு எது, யாருக்கு என்ன அனுமதி என்பதெல்லாம் வட்டிலேயே பதிவாகியிருக்கும். எனவே அனுமதியை மாற்றுவது மவுண்ட் ஆன பிறகு, கோப்புகளின் மேல் செய்யும் வேலை.

ஃபேட்32, எக்ஸ்ஃபேட் ஆகியவற்றில் லினக்ஸ் உரிமையாளரைப் பதிந்துவைக்க இடமே இல்லை. என்டிஎஃப்எஸ்ஸில் விண்டோஸுக்கான அனுமதிப் பதிவு உண்டு. வழக்கமான அமைப்பில் லினக்ஸ் அதை எடுத்துக்கொள்வதில்லை. ஆகவே மவுண்ட் செய்யும் நேரத்தில் நாம் சொல்கிற உரிமையாளரும் அனுமதியும் எல்லாக் கோப்புகளுக்கும் ஒரே மாதிரி ஒட்டப்படும்.

இந்த வேறுபாடு தெரியாமல் இரண்டு பக்கமும் தவறு நடக்கும். எக்ஸ்ட்4 பார்ட்டிஷனுக்கு 'யூஐடி=1000' என்று மவுண்ட் விருப்பம் கொடுத்தால் 'ராங் எஃப்எஸ் டைப், பேட் ஆப்ஷன், பேட் சூப்பர்பிளாக்' என்று பயமுறுத்தும் பிழை வரும். வட்டு கெட்டுவிடவில்லை, அந்த விருப்பம் எக்ஸ்ட்4-க்குத் தெரியாது, அவ்வளவுதான். மறுபக்கம், என்டிஎஃப்எஸ்-3ஜி டிரைவர் மூலம் மவுண்ட் ஆன பார்ட்டிஷனில், அனுமதியை மாற்றும் சிஎச்மோட் கட்டளை கொடுத்தால் எந்தப் பிழையும் காட்டாமல் முடிந்துவிடும், ஆனால் எதுவும் மாறியிருக்காது. பேசாமல் இருப்பதே அதன் இயல்பு அமைப்பு.

விண்டோஸோடு பகிரும் பார்ட்டிஷன்

விண்டோஸும் அதே பார்ட்டிஷனைப் படிக்க வேண்டுமென்றால் என்டிஎஃப்எஸ் அல்லது எக்ஸ்ஃபேட் வேண்டும். ஃபேட்32-ஐத் தவிர்த்துவிடுங்கள்: 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை அது ஏற்காது. எஃப்எஸ்டேப்பில் ஒரே வரி போதும்:

யூயூஐடி=(உங்கள் எண்) /எஸ்ஆர்வி/பொது என்டிஎஃப்எஸ்-3ஜி யூஐடி=1000,ஜிஐடி=2000,டிமாஸ்க்=0002,எஃப்மாஸ்க்=0113,நோஃபெயில் 0 0

வரியின் தொடக்கத்தில் வரும் யூயூஐடி என்ற சொல் மட்டும் பெரிய எழுத்தில். இங்கே 1000 என்பது உரிமையாளராகும் பயனரின் எண், 2000 என்பது வீட்டில் உள்ளவர்களுக்காக உருவாக்கப்போகும் குழுவின் எண். அதையும் /எஸ்ஆர்வி/பொது ஃபோல்டரையும் உருவாக்கும் விதம் அடுத்த பகுதியில் வருகிறது. டிமாஸ்க் ஃபோல்டர்களுக்கு, எஃப்மாஸ்க் கோப்புகளுக்கு. மாஸ்க்கில் எழுதும் எண் கொடுக்கும் அனுமதியைக் குறிப்பதில்லை, பறிக்கும் அனுமதியைக் குறிக்கிறது. முழு அனுமதி 777 (உரிமையாளர், குழு, மற்றவர்கள் என்ற வரிசையில் ஆளுக்கோர் எண்; படிக்க 4, எழுத 2, இயக்க 1, மூன்றும் சேர்ந்தால் 7). அதிலிருந்து 002-ஐப் பறித்தால் ஃபோல்டருக்கு 775. 113-ஐப் பறித்தால் கோப்புக்கு 664. உரிமையாளரும் குழுவினரும் எழுதலாம், மற்றவர்கள் படிக்கலாம். மற்றவர்கள் பார்க்கவே கூடாது என்றால் 0007, 0117.

டிமாஸ்க், எஃப்மாஸ்க் என்று பிரிக்காமல் 'யூமாஸ்க்' என்ற ஒரே எண்ணை இரண்டுக்கும் கொடுப்பவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் ஒவ்வொரு புகைப்படமும் இயக்கத்தக்க நிரல்போல அனுமதி பெற்றுவிடும். ஃபோல்டருக்கு எக்ஸ் (இயக்க) அனுமதி உள்ளே நுழைவதற்காக வேண்டும். கோப்புக்கு அது வேண்டாம். இரண்டையும் பிரித்துக் கொடுப்பதே நல்லது.

ஃபேட்32, எக்ஸ்ஃபேட் இரண்டையும் எந்த விருப்பமும் தராமல் எஃப்எஸ்டேப் வழியே மவுண்ட் செய்தால், உரிமை ரூட்டுக்குப் போய் 755 அனுமதி விழும். மற்றவர்களுக்குப் படிக்க மட்டும்தான். கெர்னல் 5.15 முதல் உள்ள என்டிஎஃப்எஸ்3 டிரைவரும் அப்படித்தான். மேலே சொன்ன நான்கு விருப்பங்களும் எக்ஸ்ஃபேட், என்டிஎஃப்எஸ்3 ஆகியவற்றுக்கும் பொருந்தும், வகைப் பெயரை மட்டும் மாற்றினால் போதும்.

எல்லாம் சரியாக எழுதியும் 'ரீட்-ஒன்லி ஃபைல் சிஸ்டம்' என்று வந்தால் காரணம் விண்டோஸ் பக்கம் இருக்கலாம். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதி இயங்கும்போது விண்டோஸ் முழுமையாக அணைவதில்லை, பாதி உறக்கநிலைக்குப் போகிறது. அந்த நிலையில் உள்ள என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷனில் எழுதினால் தரவு சிதையக்கூடும் என்பதால் லினக்ஸ் எழுத மறுக்கிறது. வற்புறுத்தி எழுதவைக்கும் வழிகளைத் தேடாதீர்கள். விண்டோஸில் நிர்வாகி உரிமையோடு திறந்த கமாண்ட் ப்ராம்ப்ட்டில் 'பவர்சிஎஃப்ஜி /எச் ஆஃப்' கொடுத்து, முழுமையாக அணைத்துவிட்டு வாருங்கள்.

எக்ஸ்ட்4 பார்ட்டிஷன்

லினக்ஸ் மட்டும் பயன்படுத்தும் பார்ட்டிஷன் என்றால் எக்ஸ்ட்4-ஏ நல்ல தேர்வு. புதிதாக ஃபார்மட் செய்த எக்ஸ்ட்4-இன் மேல்மட்ட ஃபோல்டர் ரூட்டுக்குச் சொந்தமாக, 755 அனுமதியோடு பிறக்கும். முதலில் சொன்ன 'பர்மிஷன் டினைட்' அங்கிருந்துதான் வருகிறது.

எங்கே மவுண்ட் செய்வது என்பதிலேயே ஒரு கண்ணி இருக்கிறது. ஃபைல் மேனேஜரில் பார்ட்டிஷனைக் கிளிக் செய்தால் அது உபுண்டுவில் /மீடியா/பயனர்பெயர் என்ற இடத்திலும் ஃபெடோராவில் /ரன்/மீடியா/பயனர்பெயர் என்ற இடத்திலும் மவுண்ட் ஆகும். நடுவில் உள்ள அந்தப் 'பயனர்பெயர்' ஃபோல்டருக்குள் அந்த ஒருவர் மட்டுமே நுழையலாம். உள்ளே என்னதான் அனுமதி கொடுத்தாலும் மற்றவர்கள் வாசலைத் தாண்ட முடியாது. எனவே பொதுவான இடமாகத் தேர்ந்தெடுங்கள் (முன்னால் வரும் 'சுடோ', கட்டளையை நிர்வாகி உரிமையோடு ஓட்டும்):

சுடோ எம்கேடிர் -பி /எஸ்ஆர்வி/பொது

எஃப்எஸ்டேப்பைத் தொடும் முன் ஒரு பிரதி எடுத்துவைத்துவிட்டு இந்த வரியைச் சேருங்கள்:

யூயூஐடி=(உங்கள் எண்) /எஸ்ஆர்வி/பொது எக்ஸ்ட்4 டிஃபால்ட்ஸ்,நோஃபெயில் 0 2

'நோஃபெயில்' என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். அது இல்லாமல், யூயூஐடியில் ஓரெழுத்து பிசகினாலும், அந்த வட்டைக் கழற்றிவைத்திருந்தாலும், கணினி தொடங்கும்போது 90 விநாடி காத்திருந்துவிட்டு எமர்ஜென்சி மோடில் போய் நின்றுவிடும். பிறகு சோதியுங்கள்:

சுடோ சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோட்
சுடோ மவுண்ட் -ஏ
ஃபைண்ட்எம்என்டி /எஸ்ஆர்வி/பொது

கடைசிக் கட்டளை பார்ட்டிஷனின் பெயரைக் காட்டினால் மவுண்ட் ஆகிவிட்டது. ஒன்றும் காட்டாவிட்டால் அங்கேயே நில்லுங்கள். மவுண்ட் ஆகாத நிலையில் /எஸ்ஆர்வி/பொது என்பது வெறும் ஃபோல்டர். அதன் உரிமையை மாற்றிவிட்டுப் பிறகு மவுண்ட் செய்தால், பார்ட்டிஷனின் சொந்த உரிமை மேலே வந்து மூடிக்கொள்ளும். செய்த மாற்றம் அடியில் போய்விடும். 'நேற்று மாற்றினேன், ரீபூட் செய்ததும் பழையபடி ஆகிவிட்டது' என்பவர்கள் பலருக்கு நடந்தது இதுதான்.

இனி குழு. கயல், முரளி என்று இருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

சுடோ குரூப்ஆட் -ஜி 2000 வீடு
சுடோ யூசர்மோட் -ஏஜி வீடு கயல்
சுடோ யூசர்மோட் -ஏஜி வீடு முரளி

இரண்டாம், மூன்றாம் வரிகளில் 'ஏ' சிறிய எழுத்து, 'ஜி' பெரிய எழுத்து. அந்தச் சின்ன 'ஏ' இல்லாமல் அடித்தால் கட்டளை அவரை 'வீடு' குழுவில் சேர்த்துவிட்டு, மற்ற கூடுதல் குழுக்கள் எல்லாவற்றிலிருந்தும் நீக்கிவிடும். நீக்கப்படும் குழுக்களில் சுடோவும் ஒன்றாக இருந்தால், அடுத்த முறை உள்நுழையும்போது நிர்வாகி உரிமையே போயிருக்கும். லினக்ஸில் ஓரெழுத்துப் பிழைக்குக் கொடுக்கும் அதிக விலைகளில் இது ஒன்று.

சேர்த்த உடனே பலன் தெரியாது. குழுப் பட்டியல் உள்நுழையும் நேரத்தில்தான் எடுத்துக்கொள்ளப்படுகிறது. 'ஐடி கயல்' என்று அடித்தால் பதிவேட்டில் உள்ளது தெரியும். வெறும் 'ஐடி' என்று அடித்தால் இப்போதைய அமர்வில் உண்மையில் உள்ளது தெரியும். முதலாவதில் 'வீடு' இருந்து இரண்டாவதில் இல்லையென்றால் வெளியேறி மீண்டும் உள்ளே வர வேண்டும். சில டெஸ்க்டாப்களில் அதுவும் போதாது, பின்னணி அமர்வு உயிரோடு இருக்கும். ரீபூட் செய்துவிடுவது சுலபம்.

அடுத்து உரிமை:

சுடோ சிஎச்ஜிஆர்பி வீடு /எஸ்ஆர்வி/பொது
சுடோ சிஎச்மோட் 2775 /எஸ்ஆர்வி/பொது

775 தெரிந்ததே. முன்னால் நிற்கும் 2 தான் முக்கியம். அதற்கு செட்ஜிஐடி என்று பெயர். சாதாரணமாக, கயல் உருவாக்கும் கோப்பு கயலின் சொந்தக் குழுவுக்குப் போகும். செட்ஜிஐடி உள்ள ஃபோல்டரில் உருவாகும் கோப்பு அந்த ஃபோல்டரின் குழுவுக்கு, அதாவது 'வீடு' குழுவுக்குப் போகும். உள்ளே உருவாகும் துணை ஃபோல்டர்களுக்கும் இந்தக் குணம் தொற்றிக்கொள்ளும். வெளியார் படிக்கவும் கூடாது என்றால் 2770.

இத்தோடு முடிந்தது என்று பல வழிகாட்டிகள் நிறுத்திவிடுகின்றன. முடியவில்லை. கயல் ஒரு கோப்பை உருவாக்குகிறார். குழு 'வீடு' என்றுதான் இருக்கிறது. ஆனால் முரளியால் திருத்த முடியவில்லை. 'எல்எஸ் -எல்' போட்டுப் பார்த்தால் கோப்பின் அனுமதி 644: குழுவுக்குப் படிக்க மட்டுமே. காரணம் யூமாஸ்க். புதிய கோப்பு பிறக்கும்போது எந்த அனுமதிகளைப் பறிப்பது என்று சொல்லும் எண் அது. 'யூமாஸ்க்' என்று அடித்துப் பாருங்கள். 0022 என்று வந்தால் குழுவின் எழுதும் உரிமை ஒவ்வொரு புதிய கோப்பிலும் பறிபோகிறது என்று பொருள். 0002 என்றால் பிரச்சினை இல்லை. டிஸ்ட்ரோவுக்கு டிஸ்ட்ரோ (உபுண்டு, ஃபெடோரா போன்ற லினக்ஸ் வகைகள்) இது மாறும்.

உள்நுழையும்போது படிக்கப்படும் ப்ரொஃபைல் கோப்பில் 'யூமாஸ்க் 002' என்று எழுதுவது பழைய தீர்வு. டெர்மினலில் அது வேலை செய்யும். டெஸ்க்டாப் நிரல்கள் சில வேறு வழியாகத் தொடங்குவதால் அவற்றுக்கு அந்த எண் போய்ச் சேராமல் போகலாம். ஃபோல்டரிலேயே விதியைப் பதித்துவிடுவது உறுதியான வழி. அதற்குத்தான் ஏசிஎல் (வழக்கமான அனுமதிக்கு மேல் தனியாக வைக்கும் அனுமதிப் பட்டியல்):

சுடோ செட்எஃப்ஏசிஎல் -எம் ஜி:வீடு:ஆர்டபிள்யூஎக்ஸ் /எஸ்ஆர்வி/பொது
சுடோ செட்எஃப்ஏசிஎல் -டி -எம் ஜி:வீடு:ஆர்டபிள்யூஎக்ஸ் /எஸ்ஆர்வி/பொது

கட்டளை இல்லை என்று வந்தால் 'ஏசிஎல்' என்ற தொகுப்பை நிறுவிக்கொள்ளுங்கள். முதல் வரி இந்த ஃபோல்டருக்கு. இரண்டாம் வரியில் உள்ள '-டி', இனி உள்ளே பிறக்கப்போகும் எல்லாவற்றுக்கும். இயல்புநிலை ஏசிஎல் உள்ள ஃபோல்டரில் யூமாஸ்க் செல்லாது. ஏசிஎல் சொல்வதே விதி. இனி 'எல்எஸ் -எல்' காட்டும் அனுமதி வரிசையின் கடைசியில் ஒரு '+' குறி தெரியும். முழு விவரம் வேண்டுமானால் 'கெட்எஃப்ஏசிஎல்'.

பார்ட்டிஷனில் ஏற்கெனவே கோப்புகள் இருந்தால் அவற்றையும் ஒருமுறை சரிசெய்ய வேண்டும்:

சுடோ சிஎச்ஜிஆர்பி -ஆர் வீடு /எஸ்ஆர்வி/பொது
சுடோ சிஎச்மோட் -ஆர் ஜி+ஆர்டபிள்யூஎக்ஸ் /எஸ்ஆர்வி/பொது

'-ஆர்' இரண்டு இடத்திலும் பெரிய எழுத்து. கடைசி 'எக்ஸ்' எழுத்தும் பெரியதாக இருக்க வேண்டும். பெரிய எக்ஸ் ஃபோல்டர்களுக்கும், ஏற்கெனவே இயக்க அனுமதி உள்ள கோப்புகளுக்கும் மட்டும் எக்ஸ் கொடுக்கும். சிறிய எக்ஸ் எல்லாக் கோப்புகளையும் இயக்கத்தக்கதாக்கிவிடும். பழைய துணை ஃபோல்டர்களுக்கு செட்ஜிஐடியும் ஏசிஎல்லும் தாமாக வராது. அவற்றுக்குள் போய் 'சிஎச்மோட் ஜி+எஸ்' கொடுங்கள், மேலே சொன்ன செட்எஃப்ஏசிஎல் வரிகளை -ஆர் சேர்த்து (பெரிய எழுத்து), கடைசி எக்ஸைப் பெரிதாக்கி மீண்டும் ஓட்டுங்கள். எக்ஸ்ட்4 தானாக உருவாக்கும் 'லாஸ்ட்+ஃபவுண்ட்' ஃபோல்டரும் மாறியிருந்தால் அதை மட்டும் திரும்ப 700 ஆக்கிவிடுங்கள்.

நகர்த்தினால் ஒன்று, நகலெடுத்தால் ஒன்று

அமைப்பு முழுவதும் சரியாக இருந்தும் சில கோப்புகள் மட்டும் அடம்பிடிக்கும். அவை எப்படி உள்ளே வந்தன என்று கேளுங்கள். ஹோம் ஃபோல்டரிலிருந்து 'எம்வி' செய்த (நகர்த்திய) கோப்பு, பழைய உரிமையாளர், பழைய குழு, பழைய அனுமதி எல்லாவற்றையும் கூடவே கொண்டுவரும். செட்ஜிஐடியும் ஏசிஎல்லும் புதிதாகப் பிறக்கும் கோப்புக்குத்தான். குடிபெயர்ந்து வரும் கோப்பை அவை தொடுவதில்லை. 'சிபி' செய்தால் (நகலெடுத்தால்) புதிய கோப்பு பிறப்பதால் குழு சரியாக வரும். அப்போதும் மூலக்கோப்பின் அனுமதி 644 என்றால் நகலிலும் குழுவின் எழுதும் உரிமை வெட்டுப்படும். கெட்எஃப்ஏசிஎல் அதை 'எஃபெக்டிவ்' என்ற குறிப்போடு காட்டிக்கொடுக்கும். இதற்காகத்தான் யூமாஸ்க்கை 002 ஆக்கிவைப்பது ஏசிஎல் இருந்தும் பயன்படுகிறது: ஹோமில் பிறக்கும் கோப்பே 664 ஆகப் பிறந்தால் நகலும் 664 ஆகவே வரும். ஆளுக்கொரு சொந்தக் குழு தரும் டிஸ்ட்ரோக்களில் இதனால் ஹோம் கோப்புகள் அடுத்தவர் கைக்குப் போய்விடாது, ஏனென்றால் அந்தக் குழுவில் அவர் ஒருவர்தான்.

777 ஏன் கூடாது

எங்கே கேட்டாலும் முதலில் வரும் பதில் 'சிஎச்மோட் -ஆர் 777'. அதைச் செய்யாதீர்கள். வலைச் சேவையகம், அச்சுச் சேவை போன்ற பின்னணிக் கணக்குகள் எல்லாமும் உங்கள் குடும்பப் படங்களை அழிக்கும் உரிமை பெற்றுவிடும். அதைவிட முக்கியமாக, அது பிரச்சினையைத் தீர்ப்பதே இல்லை. இன்று உள்ள கோப்புகள் திறந்துகொள்ளும். நாளை பிறக்கும் கோப்பு மறுபடி யூமாஸ்க் படி 644 ஆகவே பிறக்கும். வாரம் ஒருமுறை 777 போட்டுக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

அழிப்பதைப் பற்றி ஒன்று தெரிந்திருக்க வேண்டும். லினக்ஸில் ஒரு கோப்பை அழிக்க அந்தக் கோப்பில் எழுதும் உரிமை தேவையில்லை. அது இருக்கும் ஃபோல்டரில் எழுதும் உரிமை போதும். ஆகவே 2775-இல் கயலின் கோப்பை முரளி அழித்துவிடலாம். அவரவர் கோப்பை அவரவர் மட்டுமே அழிக்கலாம் என்று வைக்க 3775 கொடுங்கள். கூடிய 1 தான் ஸ்டிக்கி பிட். இதற்கும் ஒரு விலை உண்டு: சில நிரல்கள் சேமிக்கும்போது தற்காலிகக் கோப்பில் எழுதி, அதைப் பழைய கோப்பின் பெயருக்கு மாற்றும். ஸ்டிக்கி பிட் இருந்தால் அடுத்தவர் கோப்பின்மேல் அப்படிப் பெயர் மாற்ற முடியாது, சேமிப்பு தடைபடும். சேர்ந்து திருத்தும் ஆவணங்களுக்கு 2775, ஆளாளுக்குக் கொண்டுவந்து போடும் படங்களுக்கு 3775 என்று துணை ஃபோல்டர் வாரியாக வைத்துக்கொள்ளலாம்.

இன்னும் சிக்கல் என்றால்

சுடோ -யூ முரளி டச் /எஸ்ஆர்வி/பொது/சோதனை

இது முரளியின் பெயரில் ஒரு வெற்றுக் கோப்பை உருவாக்கிப் பார்க்கும். சுடோ குழுப் பட்டியலைப் புதிதாக எடுத்துக்கொள்வதால், இது வெற்றி பெற்று முரளியின் டெஸ்க்டாப்பில் மட்டும் தோற்றால் குறை பழைய அமர்வில்தான். இதுவே தோற்றால்:

நேம்ஐ -எல் /எஸ்ஆர்வி/பொது

வேரிலிருந்து ஒவ்வொரு ஃபோல்டராக அனுமதியைக் காட்டும் இந்தக் கட்டளையை அதிகம் பேர் அறிவதில்லை. வழியில் ஏதோ ஒரு ஃபோல்டரில் எக்ஸ் இல்லையென்றால் இங்கே பளிச்சென்று தெரிந்துவிடும்.

வட்டின் இட அளவைக் காட்டும் 'டிஎஃப்' கட்டளையின் 'பயன்படுத்தியது' என்ற பத்தி இன்னும் முழு அளவை எட்டாதபோதே 'நோ ஸ்பேஸ் லெஃப்ட்' என்று சாதாரணப் பயனருக்கு மட்டும் வருகிறதா? எக்ஸ்ட்4 இயல்பாக 5 சதவீத இடத்தை ரூட்டுக்கென்று ஒதுக்கிவைக்கிறது. 500 ஜிபியில் அது 25 ஜிபி. இயங்குதளம் இருக்கும் பார்ட்டிஷனுக்கு அந்த ஒதுக்கீடு அவசியம். வெறும் தரவுப் பார்ட்டிஷனுக்கு 1 சதவீதம் போதும். 'சுடோ ட்யூன்2எஃப்எஸ் -எம் 1' என்று எழுதிப் பார்ட்டிஷனின் பெயரைக் கொடுங்கள்.

ஒரே கணினியில் இரண்டு லினக்ஸ் டிஸ்ட்ரோக்கள் இருந்து இரண்டும் இந்தப் பார்ட்டிஷனைப் பகிர்ந்தால், வட்டில் பதிவாவது பெயர்கள் அல்ல, எண்கள் என்பதை மனதில் வையுங்கள். ஒன்றில் கயலுக்கு 1000, இன்னொன்றில் முரளிக்கு 1000 என்றால் கயலின் கோப்புகள் அங்கே முரளியுடையவையாகத் தெரியும். மேலே குழுவை உருவாக்கும்போது 2000 என்று எண்ணையும் சேர்த்துக் கொடுத்தது இதற்காகவே. இரண்டாவது டிஸ்ட்ரோவிலும் அதே எண்ணில் 'வீடு' குழுவை உருவாக்குங்கள். பயனர்களை உருவாக்கும்போது 'யூசர்ஆட் -யூ' கொண்டு எண்களை ஒரே வரிசையில் கொடுத்துவிடுங்கள். கோப்புகள் குவிந்த பிறகு எண்ணை மாற்றினால் ஹோமுக்கு வெளியே உள்ள ஒவ்வொரு கோப்பின் உரிமையையும் கையால் மாற்ற வேண்டிவரும்.